முன்திருமணம் என்றால் எந்தத் திருமணம்?

தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுத் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் தாளை நீட்டி, "இந்த முன்திருமண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தார். "ஏன்டா, அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆயிருக்கா?"

சித்தி மேல் தப்பில்லை. முன்ஜென்மம் போன பிறவி. முன்பணம், முன்பதிவு இரண்டும் வேளை வருமுன்னே செய்துவிடுவது. அந்தக் கணக்கில் முன்திருமணம் ஒன்று முடிந்துபோன கல்யாணம், இல்லையேல் அவசரக் கல்யாணம். 'ப்ரீநப்ஷியல்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையிலிருக்கும் 'ப்ரீ'யைப் பிடுங்கி நம் சொல்லின் தலையில் நட்டால் இப்படித்தான் ஆகும். 'கிறிஸ்துவுக்கு முன்' என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு 'கல்யாணத்துக்கு முன்' மட்டும் ஏன் கை வரவில்லை?

அந்த 'நப்ஷிய'லுக்கு மூலச் சொல் லத்தீன் 'நுப்தியே', திருமணம். சொத்து யாருடையது, கடன் யார் தலையில், பிரிந்தால் பங்கு எப்படி என்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் எழுதிக்கொள்வது, சுருக்கமாக 'ப்ரீநப்'. தாலி ஏறிய பிறகு எழுதினால் 'போஸ்ட்நப்'.

'ஒப்பந்தம்' என்பதோடும் எனக்குச் சண்டை உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்தால் நிறைவேற்றக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். மனைவியைப் பிறந்த வீட்டிலிருந்து கூட்டிப்போக மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன் ஒருவர் எழுதிக்கொடுத்ததை, பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்று 1901இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. போர்த்துக்கீசியரின் 1867ஆம் ஆண்டு சிவில் சட்டம் இன்னும் நடக்கும் கோவாவில் முறைப்படி எழுதிக்கொண்டது செல்லும். கல்யாணம் ஆனபின் மாற்றவும் முடியாது. அங்கே தாராளமாக ஒப்பந்தம் என்று சொல்லுங்கள். மற்ற இடங்களில் நிற்குமோ நிற்காதோ என்றிருக்கும் தாளுக்கு உடன்பாடு என்ற பெயர் போதும்.

நண்பர் ஒருவர் 'மணமுன் உடன்பாடு', 'மணப்பின் உடன்பாடு' என்றார். தனித்தமிழ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணப்பின் என்றால் 'வாசம் வந்தால்' என்றல்லவா படிக்கிறது! திருமணத்துக்கு முந்தைய உடன்பாடு, திருமணத்துக்குப் பிந்தைய உடன்பாடு. நீளம்தான், இருக்கட்டும்.

அதே தொடரில் 'திருமணக் காலத்தில் ஈட்டப்பட்ட சொத்துகள்' என்றும் வந்தது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707இல் தொகுக்கவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: தேடியதேட்டம். பெற்றோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். முந்நூறு வருஷமாக நீதிமன்றம் ஏறி இறங்கிய சொற்கள். மொழிபெயர்ப்பாளர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகவே தெரியவில்லை.