சாமத்தில் கடந்து போகிற கப்பலில் யார் முழித்திருக்கிறார்கள்?

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் இரவு பத்து மணிக்குப் பிறகு இருந்தால், சில நாட்களில் தூரத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல வடக்கே நகர்வது தெரியும். நமக்கு அது வேடிக்கை. வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வலை விட்டுக் காத்திருப்பவர்களுக்கு அப்படியல்ல. கப்பலின் இரண்டு பக்க விளக்குகளான சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் நேரே தங்களை நோக்கித்தான் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் மேலே நிற்பது யார்?

200 மீற்றர் நீளச் சரக்குக் கப்பலிலும் மொத்தமே 20, 25 பேர்தான். மேல்தளம், எஞ்சின், குசினி என்று மூன்று பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே கப்டன். அவர் பொதுவாக முறை வைத்து வாட்ச், அதாவது காவல், நிற்பதில்லை. ஆனால் தேவைப்பட்டால் எந்த நேரமும் எழுப்புவார்கள்.

நம் ஆட்கள் இரவைச் சாமம் சாமமாகப் பிரித்தது போல, கப்பலில் நாளை நாலு மணி நேரத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். நாலு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, மறுபடி நாலு மணி. மேல்தள அதிகாரிகளை மேட் என்பார்கள்; சீஃப், செகண்ட், தேர்ட் என்று வரிசை. அனுபவம் குறைந்த தேர்ட் மேட்டுக்கு 8 முதல் 12 வரை. அப்போதுதான் கப்டனும் முழித்திருப்பார். 12 முதல் 4 வரை செகண்ட் மேட். 4 முதல் 8 வரை சீஃப் மேட். விடியலிலும் அந்தியிலும் நட்சத்திரத்தை அளந்து இடம் கண்டுபிடித்த காலத்து வழக்கம் அது.

வாட்ச் முடிந்தாலும் வேலை முடியாது. உயிர்காப்புப் படகும் தீயணைப்புச் சாமானும் தேர்ட் மேட் பொறுப்பு. கடல் வரைபடமும் பயணப் பாதையும் செகண்ட் மேட்டுடையது, பல கப்பல்களில் மருந்துப் பெட்டியும். எந்த அறையில் எத்தனை தொன் ஏற்றினால் கப்பல் சாயாது, உடல் வளையாது என்ற கணக்கு சீஃப் மேட்டுக்கு. கரைவலையில் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பவரைப் போல, தளத்தில் மாலுமிகளை வேலை வாங்குபவர் போசன். கீழே சீஃப் எஞ்சினியர் தலைமை; அன்றாட வேலையை நடத்துவது செகண்ட் எஞ்சினியர். இப்போது பல கப்பல்களில் இரவில் எஞ்சின் அறையில் ஆளே இருப்பதில்லை. கோளாறு என்றால் முறைக்காரரின் அறையில் அலாரம் அடிக்கும்.

சரி, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்கு வருவோம். அது கும்மிருட்டாக இருக்கும். வெளிச்சம் போட்டால் வெளியே எதுவும் தெரியாது. அதனால் வாட்ச் மாற்ற வருகிறவர் கொஞ்சம் முந்தியே ஏறி வந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை நிற்பார். பழகாமல் பொறுப்பை வாங்கக் கூடாது. கப்பலைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதும் கை மாற்றக் கூடாது. இரவில் அதிகாரியுடன் இன்னொரு மாலுமியும் பார்வைக்கு நிற்க வேண்டும். அந்த இரண்டாவது சோடிக் கண்தான் நம் ஆட்களுக்கு முக்கியம். பைபர் படகு ராடாரில் சரியாகப் படாது. அலை பெரிதென்றால் படாமலே போகும். சின்ன விளக்கைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கண்ணை மூட வைப்பது களைப்பு. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு வேண்டும் என்பது சர்வதேச விதி. கடலில் இது ஓரளவு நடக்கும். துறைமுகத்தில் சரக்கு, பரிசோதனை, எண்ணெய் நிரப்புதல் என்று எல்லாம் ஒரே நாளில் வரும். அதே இருபது பேர்தான் தூக்கத்தை விட்டு அத்தனையையும் பார்க்கிறார்கள். அன்றிரவே கடலுக்கும் திரும்புகிறார்கள். ஆட்களைக் குறைத்துக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்ஜில் அசைவே இல்லாவிட்டால், வைத்திருக்கும் அளவைப் பொறுத்து 3 முதல் 12 நிமிடத்துக்குள் ஒரு கருவி கூப்பிடத் தொடங்கும். யாரும் நிறுத்தாவிட்டால் மற்ற அதிகாரிகளையும் கப்டனையும் எழுப்பும். அப்படி ஒரு கருவி தேவைப்பட்டதே நிறையச் சொல்கிறது.

விடிய நாலு மணிக்குச் சற்று முன் சீஃப் மேட் ஏறி வருவார். செகண்ட் மேட் வேகம், திசை, காற்று எல்லாம் சொல்லி ஒப்படைப்பார். அப்புறம் கண்ணாடிக்கு வெளியே கை நீட்டிக் காட்டுவார்: "இடப்பக்கம் ரெண்டு சின்ன விளக்கு. மீன்பிடிப் படகு போல. வலை எங்க கிடக்கெண்டு தெரியல்ல, தள்ளிப் போங்க."