மேல ஐஸு, கீழ புளிச்ச மாவு: கேஸைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஃபேனைப் பாருங்க

பொழுதோட ஆட்டுன மாவை ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் படுத்தா காலைல போசி ரொம்பி வழிஞ்சு கெடக்கும், ஆனா மேல ஃப்ரீசரைத் தொறந்தா ட்ரேல ஐஸு அப்படியே இருக்கும், ஐஸ்கிரீம் கூட இளகியிருக்காது. டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வெச்சிருக்கற ஊடுகள்ல இது அடிக்கடி கேக்கற பேச்சுதானுங்க. ஒடனே எல்லாரும் சொல்றது "கேஸ் போயிருச்சு". சித்த பொறுங்க. குளுரு உண்டாக்கற இந்த கேஸுங்கறது ஓட ஓடத் தீந்து போற சமாச்சாரம் இல்ல, அடைச்சு மூடுன குழாய்க்குள்ள அதே கேஸ்தான் வருசக்கணக்கா சுத்திட்டு இருக்கும், எங்கியாச்சும் லீக்கானாத்தான் கொறையும், கொறைஞ்சா ஃப்ரீசரும் சேந்துதான் அடி வாங்கும். மேல நல்லா கட்டி, கீழ மட்டும் சூடாவுதுன்னா குளுரு உண்டாகறதுல கொறை இல்ல, அது கீழ வந்து சேரறதுலதான் கொறை. அந்த வேலையைப் பாக்கறது ஒரு சின்ன ஃபேன்.

டபுள் டோர் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது பனியைத் தானாவே கரைச்சுக்கற வகை, அதுல பெரும்பாலான மாடல்ல குளுரு உண்டாகற எடம் ஒண்ணே ஒண்ணுதான். ஃப்ரீசரோட பின்பக்க பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னாடி அலுமினிய காயில் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், கீழ காய்கறி வெக்கற எடத்துக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது. ஃபேன் அந்தக் காயில் மேல காத்தை இழுத்து, ஃப்ரீசருக்குள்ள ஊதி, அதுல ஒரு பங்கை டக்ட்டுங்கற காத்துப் பாதை வழியா கீழ எறக்குது. மேல மைனஸ் 18, கீழ 3ல இருந்து 5 டிகிரி, இந்தக் கணக்கு நிக்கறது காத்தைப் பங்கு பிரிச்சு விடற வெதத்துலதான். கெணறு நெறைய தண்ணி கெடந்தும் மோட்டார் ஓடலைன்னா கடைசி வயலு காஞ்சு கெடக்கற கதைதானுங்க. சிங்கிள் டோர் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தப் பேச்சே வேண்டியதில்ல, பெரும்பாலும் அதுல ஃபேனே இருக்காது, குளுந்த காத்து கனமா இருக்கறதால தானாவே கீழ எறங்கும்.

ஃபேன் நின்னா ஒடனே எல்லாம் கெட்டுப் போறதில்ல, அதுதான் ஏமாத்தறது. காயில் பக்கத்துலயே இருக்கறதால ஃப்ரீசர் கொஞ்ச நாளைக்குத் தாக்குப் புடிக்கும், கீழ மட்டும் ஏறிட்டே போகும், கம்ப்ரசர் நிக்காம ஓடும், கரண்டு பில்லும் ஏறும்.

இனி ஃபேன் ஏன் நிக்குதுன்னு பாப்போம். மோட்டார் எரிஞ்சு போறது உண்டு, ஆனா பல தடவை மோட்டார் மேல தப்பே இருக்காது, பனி வந்து பிளேடைப் புடிச்சிருக்கும். 30 டிகிரில, ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கற காத்துல ஒரு கன மீட்டருக்கு 21 கிராம் தண்ணி ஆவியா இருக்கும், மைனஸ் 18ல சுமாரா 1 கிராம்தான் தாங்கும். 250 லிட்டர் ஃப்ரிட்ஜைத் தொறந்து உள்ள இருக்கற காத்து முழுசும் மாறுச்சுன்னா 5 கிராம் தண்ணி உள்ள போவுது, அதுல பெரும்பங்கு கடைசில அந்தக் காயில் மேலதான் பனியா ஒக்காரும். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரக்காத்து அடிக்கற மாசங்கள்ல கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் இது இன்னும் எச்சு. நோம்பிக்கு ஒரம்பரை வந்து நாள் பூரா கதவைத் தொறந்து மூடறது, ஆவி பறக்கற அரிசிம்பருப்பு சோத்தை மூடாம அப்படியே உள்ள வெக்கறதுன்னு நாமளும் நம்ம பங்குக்குச் சேத்து விடறோம். அலுமினியத்தை விட ஐஸு வெப்பத்தைக் கடத்தறது 100 மடங்கு கம்மி, காத்து கலந்த பனி அதை விடக் கம்மி, அதனால பனி தடிக்கத் தடிக்க காயில் இருந்தும் பிரயோசனம் இல்லாமப் போயிரும்.

இதைக் கரைக்கத்தான் காயிலுக்குக் கீழ ஒரு டீஃப்ராஸ்ட் ஹீட்டர் இருக்கு. கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடுனதும் டைமரோ எலக்ட்ரானிக் போர்டோ கம்ப்ரசரையும் ஃபேனையும் நிறுத்திட்டு ஹீட்டரைப் போட்டு விடும், கரைஞ்ச தண்ணி ஓட்டை வழியா பின்னாடி தட்டுக்கு எறங்கும். ஹீட்டரு, அதை நேரத்துக்கு நிறுத்தற பைமெட்டல், டைமரு, இதுல எது மக்கர் பண்ணாலும் பனி வளந்து ஃபேன் வரைக்கும் போயிரும். தண்ணி எறங்கற ஓட்டை அடைச்சாலும் அதே கதைதான், கூடவே காய்கறி டப்பாவுக்கு அடியில தண்ணி நிக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்கறதுக்கு முன்னாடி காதை வெச்சுப் பாருங்க. கரகரன்னோ கீச்சு கீச்சுன்னோ சத்தம் வந்தா கதவைத் தொறங்க. பல மாடல்ல கதவு தொறந்தா உள் ஃபேன் நிக்கற மாதிரி சுவிட்ச் இருக்கும், அதனால தொறந்ததும் சத்தம் நின்னா அது உள் ஃபேன், நிக்காம வந்தா கம்ப்ரசர் பக்கம் பாக்கோணும். சில மாடல்ல அங்கயும் ஒரு ஃபேன் இருக்கு, தூசி அடைச்சே பாதி சீக்கு வரும். அப்பறம் கதவைத் தொறந்து வெச்சு அந்த சுவிட்சை வெரல்ல அமுக்குங்க, கம்ப்ரசர் ஓடறப்ப ஃபேனும் ஓடோணும். ஓடலைன்னா ஒடனே முடிவு கட்டீராதீங்க, டீஃப்ராஸ்ட் நேரமா இருக்கலாம், ஒரு மணி நேரம் கழிச்சு மறுக்கா பாருங்க. புது மாடல் சிலதுல காந்த சுவிட்ச், பட்டனே கண்ணுல படாது.

எனக்கு ரொம்பப் புடிச்ச டெஸ்ட் காசே செலவில்லாதது. எல்லாத்தையும் எடுத்துட்டு, பிளக்கைப் புடுங்கி, ரெண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் தொறந்து வெச்சு, கீழ பழைய துண்டு விரிச்சு விட்டுருங்க. திரும்பப் போட்டதும் ஃபேன் நல்லா ஓடி, ஒண்ணு ரெண்டு வாரத்துல மறுபடி நின்னுச்சுன்னா மோட்டார் நல்லாருக்கு, டீஃப்ராஸ்ட்தான் வேலை செய்யலைன்னு அர்த்தம். கரைச்ச பொறகும் ஓடவே இல்லைன்னா மோட்டாரு, வயரு, சுவிட்சு, போர்டு, இந்த நாலுல ஒண்ணு.

கரைக்காம தகட்டைக் கழட்டிப் பாத்தா இன்னொரு வெவரமும் கெடைக்கும். காயில் முழுக்க ஒரே சீரா மெல்லிசா பனி படிஞ்சிருந்தா கேஸ் நல்லாருக்கு. மொத்தமும் பனிப்பாறையா இருந்தா டீஃப்ராஸ்ட் கோளாறு. ஒரு மூலைல மட்டும் பனி, மீதி காயில் வெறுமனே இருந்தா அப்பத்தான் கேஸ் பேச்சை எடுக்கோணும். பனியைக் கத்தில குத்திச் சொரண்டறது மட்டும் வேண்டவே வேண்டாமுங்க, அலுமினியக் குழாய் ஓட்டையாச்சுன்னா இல்லாத கேஸ் பிரச்சனையை நாமளே உண்டாக்குன மாதிரி ஆயிரும், புது ஃப்ரிட்ஜ் பலதுல இருக்கற ஆர்600ஏ தீப்புடிக்கற கேஸ் வேற.

மீட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு: ஹீட்டர் 150 வாட்டுன்னா 230ஐ 230ஆல பெருக்கி 150ஆல வகுத்தா கிட்டத்தட்ட 350 ஓம் காட்டோணும். பைமெட்டல்லதான் பல பேரு ஏமாந்து போறாங்க. குளுர்ல சேந்திருந்து சூட்டுல பிரியறதுதான் அதோட வேலை, அதை வெளிய எடுத்து ரூம்ல வெச்சு சோதிச்சா ஓபன்னுதான், அதாவது பிரிஞ்சிருக்குன்னுதான் காட்டும், அதைப் பாத்து நல்ல சாமானைத் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு வாங்கறவங்க இருக்காங்க. ஐஸுல உப்பைப் போட்டு, தண்ணி படாம ஒரு கவருக்குள்ள வெச்சு அதுல சித்த நேரம் பொதைச்சு எடுத்துட்டு அளந்து பாருங்க.

மோட்டாருக்கு வருவோம். பழைய மாடல்ல 230 வோல்ட்டுல ஓடற ரெண்டு வயர் மோட்டார். போல்ல, அதாவது காந்தத் துருவத்துல, ஒரு ஓரமா செம்பு வளையம் மாட்டியிருப்பாங்க, அந்த ஓரத்துல காந்தப்புலம் சித்த லேட்டா ஏறி எறங்கும், அந்த லேட்டுதான் நடுவுல சுத்தற ரோட்டரை ஒரு தெசைல சுத்த வைக்குது, கெப்பாசிட்டர் வேண்டியதில்ல. இன்வெர்ட்டர் மாடல்ல பெரும்பாலும் 12 வோல்ட் டிசி மோட்டார், மூணு நாலு வயர் வரும், இதுல ஓம் அளந்து பிரயோசனம் இல்ல, கனெக்டருக்கு வோல்ட்டு வந்தும் ஓடலைன்னா மோட்டாரு, வோல்ட்டே வரலைன்னா போர்டோ வயரோ. கரண்டை நிறுத்திட்டு பிளேடை வெரல்ல தள்ளிப் பாருங்க, தடையில்லாம சுத்தோணும்.

1937ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செஞ்ச கோயமுத்தூருங்க நம்மூரு, தெருவுக்குத் தெரு மோட்டாருக்குக் காயில் கட்டற கடை இருக்கு, அதனால இந்த ஃபேனையும் கட்டிக் குடுங்கன்னு கொண்டு போறவங்களை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா இதைக் கட்டறது கூலிக்குக் கட்டாது, புதுசாத்தான் மாத்தோணும். மாத்தறப்ப வோல்ட்டு, தண்டோட நீளம், சுத்தற தெசை மூணும் பழசோட ஒத்துப் போகோணும். செம்பு வளையம் இருக்கற பக்கத்தைப் பாத்துதான் அந்தப் பழைய ரெண்டு வயர் மோட்டார் சுத்தும், வயரை மாத்திக் குடுத்தாலும் தெசை மாறாது, தெசை தப்பான மோட்டாரைப் போட்டா ஃபேன் ஜோரா ஓடும், காத்து மட்டும் டக்ட் பக்கம் போகவே போகாது.