மாதச் சம்பளத்தை முப்பதால் வகுக்காதீர்கள்

ஏப்ரல், மே வந்தால் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கணக்குக் கொடுக்க வருவதில்லை. "இன்கிரிமென்ட் லெட்டர் பார்த்தேன் சார், வெறுத்துப்போச்சு. விட்டுட்டு வீட்ல இருந்தே சொந்தமா பண்ணலாம்னு இருக்கேன். டாக்ஸ் எவ்வளவு வரும்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். டிசைனர், சாஃப்ட்வேர் எழுதுகிறவர், ஆன்லைனில் பாடம் எடுக்கிற டீச்சர் என்று எல்லா வகையும் உண்டு. கோயம்புத்தூரில் ஆடிட்டராக உட்கார்ந்திருப்பவனிடம் வரியைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த முடிவில் வரி கடைசியாகப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். எனவே அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன்.

"ஃப்ரீலான்சருக்கு 24 லட்சம் வரை வரியே கிடையாது" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது அரை உண்மை. பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று எல்லாருக்கும் பழகிப்போன ஏற்பாட்டின்படி, சில தொழில்களில் இருப்பவர்கள் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் ஏற்பாடு அதேதான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், அதன் இரு மடங்கான 24 லட்சத்தைச் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது, இன்டீரியர் டெகரேஷன் இருக்கிறது, டியூஷன் இல்லை. அதோடு, சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். இவ்வளவுதான் வரிக் கதை. பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு வருஷம் இது பிரச்சினையே ஆவதில்லை.

பிரச்சினை ரேட் போடுவதில் ஆரம்பிக்கிறது. கையில் 60,000 வாங்குகிறவர் அதை முப்பதால் வகுத்து, "ஒரு நாளைக்கு 2,000 கிடைத்தால் போதும்" என்பார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுப்பேன். ஆண்டுக்குக் கைச் சம்பளம் 7,20,000. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், உங்கள் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம் என்று மாதம் 7,200 பி.எஃப். பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது ஆண்டுக்கு 86,400. வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை; மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடுவதால் சுமார் 17,300. கம்பெனி கொடுத்த குடும்ப மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுத்தால் ஒரு 40,000 வைத்துக்கொள்வோம், பெற்றோருக்கும் சேர்த்தால் கூடும். லேப்டாப், இன்டர்நெட், யு.பி.எஸ்., சாஃப்ட்வேர் சந்தா எல்லாம் 50,000. கூட்டினால் ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. இப்போது இருக்கும் நிலையிலேயே நிற்பதற்கு இவ்வளவு வேண்டும்.

சரி, எத்தனை நாளுக்குப் பில் போட முடியும்? சனி, ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், ஊர்த் திருவிழா, கல்யாணம் எல்லாம் போக 230 நாள் மிஞ்சும். அதில் கொட்டேஷன் அனுப்புவது, புது ஆளைப் பிடிப்பது, திருத்தம் செய்துகொடுப்பது, பணம் கேட்டு போன் போடுவது ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 150 நாள். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 6,000-க்கு மேல். இரண்டாயிரத்துக்கு ரேட் பேசிவிட்டு வந்தவர் முகம் இந்த இடத்தில் மாறும். அந்தத் தொகையைக் கேட்கும் தைரியமும், கொடுக்கும் கிளையன்ட்டும் இருந்தால் தாராளமாக விடலாம்.

அடுத்தது, கம்பெனியே முன்வந்து "ரிசைன் பண்ணிட்டு கன்சல்டன்டா வந்துடுங்க, வீட்ல இருந்தே பாருங்க" என்று சொல்வது. சம்பளம் அதேதான், கூட ஐந்தாயிரம்கூடத் தருவார்கள். பி.எஃப். நிற்கும், கிராஜுவிட்டி நிற்கும், பில்லில் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். ஆனால் காலை ஒன்பதரைக்கு லாக்-இன், லீவுக்கு அனுமதி, வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அப்படியே இருக்கும். இதைச் சொந்தத் தொழில் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டப் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிற அதே வேலைதான் இது. இன்னொரு கிளையன்ட்டை எடுக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று ஒரே ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

கல்யாணமான பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. குழந்தை பிறந்தால் வீட்டிலிருந்தே பார்ப்பது சௌகரியம் என்று முன்கூட்டியே ராஜினாமா செய்கிறார்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அதைக் கைவிட்டுவிட்டு, அந்த ஆறு மாதமும் பைசா வராமல் உட்கார்ந்திருப்பதா? விடுவதாக இருந்தாலும் அதை வாங்கிக்கொண்டு, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு விடலாமே அம்மா என்பேன். "வீட்டுலதானே இருக்க" என்று சொல்லி கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பதிலிருந்து நாத்தனார் பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது வரை தலையில் விழும் என்பதையும் அந்த 150 நாள் கணக்கில் சேர்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருக்கிறதா என்று ஆடிட்டர் கேட்பது விநோதமாகத் தெரியலாம். நான் கேட்பேன்.

பணம் எப்போது வரும் என்பதுதான் எவ்வளவு வரும் என்பதைவிட ஆளைப் படுத்தும். மாதக் கடைசியில் அக்கவுன்டில் விழுந்து பழகியவருக்கு, மூன்று மாதம் பாக்கி வைக்கிற கிளையன்ட் புது அனுபவம். இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பதிவு செய்த சிறு சேவைத் தொழிலுக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தவிர, கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுக்கும் வரை கிளையன்ட் தன் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் மார்ச் மாதம் வந்தால் கிளையன்ட்டின் ஆடிட்டரே "அந்தப் பையனுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று நச்சரிப்பார், நானும் நச்சரித்திருக்கிறேன். ஆனால் பதிவு முன்பே இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்தப் பில்லுக்கு உதவாது. பதிவு எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஜி.எஸ்.டி. எடுக்கும்போது வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் ஈ.பி. பில்லும் கேட்பார்கள். பெயர்ப்பலகையில் எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி, அதிகாரி நேரில் பார்க்கவும் வரலாம். இதைக் கேட்டதும் பல வீட்டுக்காரர்கள், கமர்ஷியல் மீட்டர் ஆக்கிவிடுவார்களோ என்று பயந்து பின்வாங்குவார்கள். தொழில்முறையாளர் தன் வீட்டோடு சேர்த்து வைத்திருக்கும் 200 சதுர அடிக்கு உட்பட்ட ஆலோசனை அறை தமிழ்நாட்டு மின் கட்டண வகைப்பாட்டில் வீட்டு இணைப்பிலேயே வருகிறது என்று எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் சமாதானமாவார்கள். இன்னொன்று, ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் உங்கள் முகவரியைப் பார்க்கலாம். தனியாக இருக்கும் பெண்கள் இதை யோசித்துவிட்டு, தேவைப்பட்டால் வேறு அலுவலக முகவரியில் பதிவு செய்வது நல்லது. வரவு 20 லட்சத்துக்குள் இருக்கையில், யாரோ கேட்டார்கள் என்பதற்காக அவசரப்பட்டுப் பதிவு எடுக்க வேண்டாம்.

விடுவது என்று முடிவாகிவிட்டால், கடிதம் கொடுக்கும் முன் மூன்று வேலை. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சொந்தத் தொழில் என்றால் வங்கி இரண்டு மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்கும். மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனி பாலிசியிலிருந்து தனி பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே விசாரியுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு, அந்த நோய்களுக்கு க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடாமல் இருக்க அதுதான் வழி. மூன்றாவது, வேலையில் சேர்ந்த தேதி. நிரந்தர ஊழியர் என்றால் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும். நான்கு வருஷமும் ஐந்தாம் வருஷத்தில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதைக் காட்டிக் கேட்டால் பல கம்பெனிகள் வழக்குப் போடு என்றே சொல்லும். மேலே சொன்ன அடிப்படைச் சம்பளத்துக்கு ஐந்து வருஷத் தொகை சுமார் 86,500 ரூபாய். இரண்டு மாதம் பாக்கி இருந்தால் இருந்துவிட்டுப் போங்கள்.