சாந்தில்லாமல் நிற்கும் வளைவுகள்: செகோவியாவின் ரோமானியத் தொட்டிப் பாலம்

ஸ்பெயினின் தலைநகரான மட்ரிட்டுக்கு வடமேற்கே, குவாதர்ராமா மலைத்தொடரைத் தாண்டியதும், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் செகோவியா நகரம் இருக்கிறது. பழைய நகரம் முழுவதும் ஒரு பாறை முகட்டின் மீது அமைந்துள்ளது. நகரைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது முகட்டின் அடியில் உள்ள அசோகேஹோ சதுக்கத்தில்தான். அங்கே, இரண்டடுக்குக் கருங்கல் வளைவுகள் ஏறக்குறைய 28 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, பள்ளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ரோமானியர் கட்டிய தொட்டிப் பாலம் இது. மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பள்ளத்தின் குறுக்கே எடுத்துச் செல்வது ஒன்றே இதன் வேலை. அந்த வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் இது செய்துவந்தது.

தூணின் அருகே சென்று பார்த்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். முதலாவது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து இல்லை. தண்ணீர் ஓடும் உச்சிப் பகுதியில் சிறு கற்களை வைத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கீழே உள்ள தூண்களும் வளைவுகளும், 20,000-க்கும் மேற்பட்ட கருங்கற்களை வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்பட்டவை. விளிம்புகள் தேய்ந்து உருண்டுவிட்டதால், சில இணைப்புகள் தொலைவிலிருந்தே கருங்கோடுகளாகத் தெரிகின்றன. இரண்டாவது, பல கற்களின் முகப்பில் சிறு குழிகள் உள்ளன. கல்லைத் தூக்கும் இரும்பு இடுக்கியின் முனைகள் பற்றிக்கொள்வதற்காகக் கொத்திய குழிகள் அவை. ரோமின் கொலோசியத்தின் மீது காணப்படும் ஓட்டைகள் வேறு வகையானவை; கற்களை இணைத்திருந்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் மக்கள் தோண்டி எடுத்ததால் உண்டானவை. செகோவியாவின் வளைவுகளில் அப்படித் தோண்டியெடுக்க எதுவும் இல்லை. பாலத்தின் உயரமான பகுதியில் பதித்திருந்த வெண்கல எழுத்துகள் மட்டும் காணாமல் போயின. அவற்றைப் பொருத்திய துளைகள் மிஞ்சியிருப்பதால், அந்தத் துளைகளின் அமைப்பைக் கொண்டே ஆய்வாளர்கள் கல்வெட்டை மீட்டுப் படிக்க முயன்றிருக்கிறார்கள்.

சாந்தும் இல்லை, இரும்பும் இல்லை என்றால் வளைவு எதனால் நிற்கிறது? தன் எடையால் நிற்கிறது. ஒரு நேரான கல் உத்தரத்தை இரு தூண்கள் மீது வைத்தால், நடுவில் அது கீழ்நோக்கி வளைய முற்படும். அப்போது அதன் மேற்புறம் அமுங்கும், அடிப்புறம் இழுபடும். கருங்கல் அமுக்கத்தை வெகுவாகத் தாங்கும், ஆனால் இழுவையைத் தாங்காது; எனவே உத்தரம் அடிப்புறத்திலிருந்து வெடித்துப் பிளக்கும். வளைவில் இந்த இழுவை அறவே தவிர்க்கப்படுகிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய ஒவ்வொரு கல்லும் கீழே விழ முயலும்போது தன் இருபுறத்துக் கற்களை நெருக்குகிறது. அவை அந்த நெருக்கத்தை அடுத்த கற்களுக்குக் கடத்துகின்றன. இப்படியே அந்த விசை வளைவைத் தொடர்ந்து தூணில் இறங்கி, தூண் வழியாக நிலத்தைச் சேர்கிறது. கல்லின் மீது எடை கூடக் கூட இணைப்பில் உராய்வும் கூடுவதால், கற்கள் பக்கவாட்டில் நழுவுவது மேலும் கடினமாகிறது. சாந்து செய்ய வேண்டிய வேலையை இங்கே எடையே செய்துவிடுகிறது.

விசை இறங்கும் அந்தப் பாதையைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடலாம். தொங்கும் சங்கிலியில் இழுவை மட்டுமே உண்டு; அதே வளைகோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அமுக்கம் மட்டுமே உள்ள வளைவு கிடைக்கும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675-இல் எடுத்துக்காட்டினார். ரோமானியர் அமைத்த வளைவுகள் அரைவட்டங்கள். சங்கிலியின் வளைகோடு அரைவட்டமன்று. ஆயினும் வளைவின் கல் போதிய தடிமனுடன் இருந்து, விசைப்பாதை அந்தத் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிட்டால் போதும், வளைவு நிற்கும். ரோமானியப் பொறியாளர்கள் இந்தக் கணக்கை அறியவில்லை. எந்த விகிதத்தில் கட்டினால் நிற்கிறது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள், தாராளமாகக் கல் வைத்தார்கள்.

எவ்வளவு தாராளம் என்பதைச் சிறு கணக்கொன்றால் மதிப்பிடலாம். ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை ஏறக்குறைய 2.7 டன். 28 மீட்டர் உயரக் கருங்கல் தூணின் அடியில், ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 75 டன் எடையைத் தாங்க வேண்டும். வளைவுகளின் சுமையையும் சேர்த்து அதை இரு மடங்காக வைத்துக்கொண்டாலும் 150 டன்தான். நல்ல கருங்கல் நசுங்குவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு 10,000 டன் அளவிலான சுமை வேண்டும். ஆகவே, கல் நசுங்கிப் பாலம் விழும் என்ற அச்சத்துக்கே இடமில்லை. ஆபத்து தூண்கள் சாய்வதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வளைவும் தன் தூணைக் கீழே அழுத்துவதுடன் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வரிசையின் நடுவில் உள்ள தூணை இடப்பக்க வளைவு வலப்பக்கமாகவும், வலப்பக்க வளைவு இடப்பக்கமாகவும் தள்ளுவதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. தூணுக்கு எடை மட்டுமே மிஞ்சுகிறது. ஏறக்குறைய நான்கரை மீட்டர் அகல வளைவுகளை இவ்வளவு மெல்லிய தூண்கள் தாங்க முடிவது இதனால்தான். மொத்தம் 167 வளைவுகள் கொண்ட பாலம், நேர்கோட்டில் செல்லும் இடங்களில் இந்தச் சமநிலையை இயல்பாகப் பெறுகிறது. ஆனால் தியாஸ் சான்ஸ் சதுக்கத்தில் பாலம் சட்டென்று திரும்பி அசோகேஹோவை நோக்கிச் செல்கிறது. அந்த முனையில் இருபுறத் தள்ளுவிசைகளும் ஒரே கோட்டில் இல்லாததால் முழுமையாக ஈடாவதில்லை; மிஞ்சும் விசையை முனைத் தூணே ஏற்க வேண்டும். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அசோகேஹோவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என் கருத்தில், மெல்ல ஏறி அந்தத் திருப்பம் வரை நடந்து போனால்தான் பாலம் புரியும்.

இரண்டடுக்காகக் கட்டியதற்கும் காரணம் தூண்கள் சாயாமல் காப்பதே. தண்ணீர் மேலடுக்கின் மேல்தான் ஓடியது. கீழடுக்கு வளைவுகள் ஒரு சொட்டுத் தண்ணீரையும் சுமக்கவில்லை. உயரமான ஒல்லித் தூண்களை இடையில் ஒருமுறை பிணைத்து, அவை பாலத்தின் நீளவாக்கில் அசையாமல் பிடித்துக்கொள்வதே அவற்றின் பணி. தூண்களும் உயரச் செல்லச் செல்லப் படிப்படியாகக் குறுகுகின்றன.

கட்டும்போது நிலைமை வேறு. உச்சியில் வைக்கும் கடைசிக் கல்லான முகட்டுக்கல் இறுகும்வரை வளைவு என்பது வளைவே அன்று, விழக் காத்திருக்கும் கற்குவியல். எனவே அரைவட்ட மரச்சாரம் அமைத்து அதன்மேல் கற்களை அடுக்கி, முகட்டுக்கல்லை இறக்கிய பின்பே சாரத்தைப் பிரித்தார்கள். இத்தனை கல்லைச் சாத்தானே ஓரிரவில் கட்டினான் என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. தினமும் தண்ணீர் சுமந்து அலுத்த பெண்ணொருத்தி, விடிவதற்குள் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்தால் தன் ஆன்மாவைத் தருவதாகச் சொன்னாளாம். ஒரே ஒரு கல் பாக்கியிருந்தபோது பொழுது புலர்ந்து அவள் தப்பினாளாம். தண்ணீர்ச் சுமை எவருக்கு அதிகம் என்பதைக் கதை கட்டியவர்கள் சரியாகவே அறிந்திருக்கிறார்கள்.

தண்ணீர் 15 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மலையோடையிலிருந்து வந்தது. அது முதலில் ஒரு தொட்டியில் சேர்ந்து, பிறகு வாய்க்கால் வழியாக ‘தண்ணீர் வீடு’ என்று பொருள்படும் பெயருடைய இரண்டாவது தொட்டிக்குச் சென்றது. இங்கே நடந்தது எளிய இயற்பியல். குறுகிய வாய்க்காலிலிருந்து அகன்ற தொட்டிக்குள் நுழையும்போது, அதே அளவு தண்ணீர் பெரிய இடத்தில் பரவுவதால் வேகம் குறைகிறது. குறுக்குப் பரப்பு பத்து மடங்கானால் வேகம் பத்தில் ஒன்றாகும். வேகம் குறைந்ததும் மணலைச் சுழற்றித் தூக்கிவைத்திருந்த ஓட்டம் அடங்கி, மணல் தரையில் படிகிறது. தெளிந்த நீர் மறுமுனையில் வழிந்து செல்கிறது. நுண்மணலைப் பொறுத்தவரை துகளின் விட்டம் பாதியானால் அது படியும் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், மிக நுண்ணிய சேறு எப்படியும் தப்பித்துவிடும். இக்காலக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் படிவுத் தொட்டிகளும் இதே விதியில்தான் இயங்குகின்றன.

அங்கிருந்து வாய்க்கால் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்ற சரிவில் நகரை நோக்கி இறங்குகிறது. சரிவு கூடினால் ஓடும் நீர் வாய்க்காலின் அடித்தளத்தையே அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இந்த அளவை ரோமானியர் எடுத்த கருவி ஒன்றை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விவரித்திருக்கிறார்: ஏறக்குறைய 20 அடி நீள மரப்பலகை, அதன் இருமுனைக் கால்களிலும் தொங்கும் தூக்குக்குண்டுகள், காற்றில் குண்டுகள் ஆடினால் பயன்படுத்த மேற்புறத்தில் தண்ணீர் ஊற்றும் பள்ளம்.

ரோமானியருக்குப் பின் பாலம் சேதமின்றி இருந்துவிடவில்லை. 1072-இல் டொலேடோவின் இஸ்லாமிய ஆட்சியாளரின் படையெடுப்பில் 36 வளைவுகள் இடிந்தன என்று நகர வரலாறு கூறுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில், இசபெல்லா, பெர்டினாண்ட் ஆட்சியில், எல் பர்ரால் மடத்துத் துறவி ஒருவரின் மேற்பார்வையில் அவை மீண்டும் கட்டப்பட்டன. யுனெஸ்கோ 1985-இல் பழைய நகரையும் பாலத்தையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதுவரை வளைவுகளுக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருந்த வாகனங்கள், அதிர்வையும் புகையையும் கருதி 1990-களின் தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டன.

பாலத்திலிருந்து மேலே ஏறினால் இடைக்கால நகரம். 1525-இல் தொடங்கிய பேராலயத்தில் அரைவட்டத்துக்குப் பதில் கூர்முனை வளைவுகளைக் காணலாம். ஒரே அகலத்துக்கு அவை உயர்ந்து நிற்பதால் பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. எஞ்சும் தள்ளுவிசையை வெளியே சாய்ந்து நிற்கும் முட்டுக்கொடுப்புகள் ஏற்கின்றன. பாலத்தில் அடுத்த வளைவு செய்த வேலையை இங்கே முட்டு செய்கிறது.

வாய்க்கால் தெருக்களுக்கு அடியில் தொடர்ந்து, முகட்டின் மேற்கு முனையில் எரேஸ்மா, கிளமோரஸ் ஆறுகள் கூடுமிடத்துக்கு மேலே கப்பலின் முன்முனை போல நீட்டியிருக்கும் அல்காசர் கோட்டையில் முடிந்தது. கோட்டைக்குக் கீழே எரேஸ்மாவின் கரையில், மன்னர் இரண்டாம் பிலிப் 1583-இல் கட்டுவித்த நாணயச்சாலை இருக்கிறது. ஆற்று நீர் சுழற்றிய மரச்சக்கரங்கள் அங்கே உருளைகளைத் திருப்பி, வெள்ளிப் பட்டைகளில் நாணய முத்திரையை அழுத்தின. அந்தச் சக்கரங்களுக்குத் தொட்டிப் பாலத்துத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஆறே வாசலில் ஓடியது.