கணினியைத் திறக்கும் முன் ஒரு தாள்

இயந்திரப் பொறியியலில் பட்டம். பிறகு, உலோகங்கள் ஏன் முறிகின்றன என்பதில் முனைவர் ஆய்வு. இப்போது பாதி நாள் ஆய்வகம், பாதி நாள் வகுப்பு. கணினி காட்டும் விடையை மாணவர்கள் அப்படியே நம்பிவிடுவதை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். அது மனதை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

ஒரு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "சார், ரிசல்ட் வந்துடுச்சு." ஒரு முனை அசையாமல் பொருத்தப்பட்ட எஃகுச் சட்டம், மறுமுனையில் சுமை. அது எப்படி வளையும் என்று கணினியில் கணக்கிட்டிருந்தார். நீலம் முதல் சிவப்பு வரை அழகான படம். நுனி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். 3 மீட்டர். சட்டத்தின் நீளமே 1 மீட்டர்தான்!

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண் யங் குணகம். எஃகுக்கு அது சுமார் 210 ஜிகாபாஸ்கல். மில்லிமீட்டர், நியூட்டன் அலகுகளில் 2,10,000 என்று கொடுக்க வேண்டும். அவர் 210 என்று மட்டும் கொடுத்திருந்தார். தொய்வு ஆயிரம் மடங்காகிவிட்டது. படம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? மென்பொருள் பொதுவாக வளைவைத் திரைக்கு ஏற்றபடி தானே சுருக்கியோ பெருக்கியோ வரைந்துவிடும். நிறங்களும் மாறாது. அவை காட்டுவது தகைவை, அதாவது பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையை. இப்படிப்பட்ட சட்டத்தில் தகைவு சுமையையும் அளவுகளையும் பொறுத்தது, யங் குணகத்தைப் பொறுத்ததல்ல. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லீப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகக் கடலில் அமிழ்த்தினார்கள். சுவர் உடைந்து மொத்தமும் மூழ்கியது. கணினிக் கணக்கு அந்தச் சுவரின் வெட்டுத் தகைவை (ஒரு பகுதியை அடுத்த பகுதியின் மேல் நழுவச் செய்யும் தகைவை) 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. பிறகு கவனமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

அதனால் என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் கணினி கிடையாது. விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். ஊகம் தப்பானால் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் கணினி விடை பத்து மடங்கு விலகினால், ஏன் என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. முதல் மாதம் முணுமுணுப்பார்கள். அப்புறம் தாங்களாகவே தாளை எடுப்பார்கள்.

விடுமுறை நாட்களில் மரவேலை செய்வேன். புத்தக அலமாரிக்கு ஒரு பலகை வெட்டும்போதும் இதே பழக்கம்தான்: அதே மொத்தச் சுமைக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. மிஞ்சிய ஒரு நீளப் பலகையை வகுப்புக்கே கொண்டுபோய்விட்டேன். இரண்டு மேசைகளுக்கு நடுவே வைத்துப் புத்தகங்களை அடுக்குவோம். அளவுகோல் வைக்கும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தைப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்கள். ஓரத்தில் இப்போது இடமில்லை. அடிப்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.