பெரிய டயர் போட்டவர்களே, பிரேக்கைப் பார்த்தீர்களா?

இந்த மாதமும் எங்கள் கராஜில் ஒரு கெப் வாகனம் வந்து நின்றது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் குடும்பத்தோடு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் பெடல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடி வரை போயிருக்கிறது. கை பிரேக்கையும் கியரையும் வைத்துச் சமாளித்து நிறுத்தியிருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க், முன்பக்கம் இரண்டிலும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடின் முகம் பளபளவென்று இறுகி, நகத்தால் சுரண்டினால் வழுக்கியது. அதன் ஓரம் கருகிப் பொடியாக உதிர்ந்தது. இத்தனைக்கும் டயர் நான்கும் புத்தம் புதியவை, 33 அங்குல விட்டம். டயருக்கும் ரிம்முக்கும் இலட்சக்கணக்கில் கொடுத்தவர் பிரேக் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

இப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "டயர் பெரிது அண்ணா, ரப்பர் கூடுதலாக ரோட்டில் படுகிறது, பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும்தானே?" டயர்க் கடையிலும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். தம்பி, தயவுசெய்து ஒரு நிமிடம் கேளுங்கள். ரோட்டைப் பிடிப்பது டயர்தான். ஆனால் சுழலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது டிஸ்க்கும் பேடும். அவற்றின் அளவு மாறவேயில்லை. கதவின் பிணைச்சலுக்குப் பக்கத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்க, வெளி ஓரத்தில் ஒருவர் தள்ளுகிறார் என்று வையுங்கள். கதவு அகலமாக அகலமாக உங்கள் கைக்குப் பாரம் கூடும். பிரேக்குக்கும் அதே கதிதான். பல கெப் வாகனங்கள் 265/65 ஆர்17 என்ற அளவு டயரோடு வருகின்றன. அதன் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர். 285/70 ஆர்17 போட்டால் 831 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 33 அங்குலம் ஆகிறது. 7 சதவீதம் கூடுதல். பெடலை அதே அழுத்தம் அழுத்தினால் ரோட்டில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஆறு, ஏழு சதவீதம் குறையும். இதில் டயரின் தரத்துக்கோ விலைக்கோ வேலையே இல்லை.

அதோடு முடியவில்லை. ஸ்பீடோமீற்றரைத் திருத்தாவிட்டால் அது 80 காட்டும்போது நீங்கள் 85க்கு மேல் போகிறீர்கள். வேகம் 7 சதவீதம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 14 சதவீதத்துக்கு மேல் கூடும். சக்கரம் ஒவ்வொன்றும் எட்டு, பத்து கிலோ கனத்துவிடுவதும் சாதாரணம். அந்தப் பாரம் சுழல்கிற பாரம் என்பதால் அதையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். யாருமே யோசிக்காத ஒன்று எஞ்சின் பிரேக்கிங், அதாவது அக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது. டயர் பெரிதானால் அதே கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, இழுத்துப் பிடிக்கும் பலமும் அதே அளவுக்குக் குறைகிறது. மலையிறக்கத்தில் அந்தக் குறையையும் பேடே சுமக்கிறது.

"கொழும்பில் ஓட்டிப் பார்த்தேன், பிரேக் அருமை" என்பார்கள். உண்மையாகத்தான் இருக்கும். காலி முகத்திடலிலிருந்து பத்தரமுல்லை வரை எங்கே இறக்கம் இருக்கிறது? ஒரு தடவை ஓங்கி மிதித்தால் பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும். பிரச்சினை சூட்டில் இருக்கிறது. ஆளும் சாமானுமாக 2.5 தொன் வாகனம் 1,000 மீற்றர் உயரம் இறங்குவதென்றால், 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 40 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமமான சக்தி எங்காவது போயாக வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. கம்பளைக்கு வருவதற்குள் 1,000 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுவீர்கள்.

ரிம் மட்டும் பெரிதாகி, டயரின் வெளிவிட்டம் மாறாவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எடையை மட்டும் பாருங்கள்.

வண்டியை உயர்த்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எங்கள் தொழிலில் இருப்பவர்களே கவனிப்பதில்லை. பல கெப் வாகனங்களில் பின் அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே ஒரு சிறிய கம்பி போகும். பின்பக்கம் எவ்வளவு சுமை என்று பார்த்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் பங்கிடும் வால்வின் கம்பி அது. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியதும் பின்னால் சுமையே இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொள்கிறது. பின் பிரேக் குறைவாகவே பிடிக்க, முன் பிரேக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பியைச் சரிசெய்யச் சில நிமிட வேலைதான். சக்கரத்துக்கு ஒயில் கொண்டுபோகும் குழாயான பிரேக் ஹோஸ் போதிய நீளம் இருக்கிறதா என்பதையும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பாருங்கள்.

என்ன செய்வது? முதலில் பிரேக் ஒயில். அது கொதித்தால் உள்ளே குமிழ் உண்டாகி, பெடல் அடி வரை போய்விடும். டொட் 3 என்ற தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சினால் 140 வரை இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இன்னும் கூடுதல் சூடு தாங்கும் டொட் 4 போட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுத்தது அதிக சூடு தாங்கும் நல்ல பேட். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததை எக்காரணம் கொண்டும் ஓட்டாதீர்கள். 33 அங்குலத்தோடு அடிக்கடி மலைநாடு போகிறவர்கள், சுமை ஏற்றுகிறவர்கள், பெரிய டிஸ்க்குக்கு மாறுவதுதான் சரி. பேட் பிடிக்கும் ஆரம் 7 சதவீதம் கூடினால் இழந்தது திரும்பக் கிடைக்கும், சூட்டை வாங்க இரும்பும் கூடுதலாக இருக்கும். பேடை அழுத்தும் கலிப்பரை மட்டும் பெரிதாக்கி, பெடல் மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் ஆழமாகப் போகும். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அழகுக்காகத் துளையிட்ட மலிவு டிஸ்க் வாங்காதீர்கள். துளையிலிருந்து வெடிப்பு ஓடியதைப் பலமுறை கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

டயர் வாங்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் குழம்பும். இறக்கத்தில் முன்பு போட்ட கியரை விட ஒரு கியர் குறைத்து இறங்குங்கள். பெடலில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு அழுத்துங்கள். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, சில்லுக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளையும் அல்லது வெடிக்கும். தானாக ஆறட்டும். பிறகு குறைந்த கியரில் மெதுவாக அருகிலுள்ள கராஜுக்குப் போய், வீடு திரும்பும் முன்பே அந்தக் கொதித்த ஒயிலை மாற்றிவிடுங்கள்.