ஃபோட்டோபிளீச்சிங்: வெளுப்பா, சாயம் போவதா?

காரைக்குடியில் கைக்கு வந்த ஒரு பயிலரங்கக் கையேட்டில் ஃபோட்டோபிளீச்சிங், அதாவது நுண்ணோக்கியில் ஒளிரும் சாயம் ஒளி பட்டே கெட்டுப்போவது, 'புகைப்பட வெளுப்பு' என்று அச்சாகியிருந்தது. மொழிபெயர்ப்புக் கருவியின் கைவரிசை, சிரித்துவிட்டுப் போகலாம். அதைத் திருத்த வருகிறவர்கள் எழுதும் 'ஒளிவெளுப்பு'தான் எனக்கு எரிச்சல்.

சொற்பிறப்பு சுருக்கம்தான். ஃபோட்டோ கிரேக்கத்தில் ஒளி. பிளீச் பழைய ஆங்கிலத்தில் வெளிறச் செய்வது.

கன்ஃபோகல் நுண்ணோக்கியில் லேசரை ஒரு புள்ளியில் குவித்து, அதை மாதிரியின் மேல் வரிவரியாக ஓட்டுகிறார்கள். அதிலுள்ள சாயம் ஒளிர்கிறது. குவியத்துக்கு மேலும் கீழும் இருந்து வரும் ஒளியை ஊசித்துளை தடுத்துவிடும். லேசரைக் கூட்டினால் படத்தில் உள்ள இரைச்சல் (புள்ளிப்புள்ளியான கலங்கல்) குறைந்து படம் தெளியும். சரி, எதுவரை? ஒரு கட்டத்தில் சாயம் தெவிட்டிவிடும். ஒளிர்வு அதற்கேற்பக் கூடாது, சிதைவு மட்டும் தொடரும். பெரும்பாலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மூலக்கூறு மீளாமல் கெடுகிறது. ஊசித்துளை தடுப்பது திரும்பி வரும் ஒளியைத்தான். உள்ளே போகும் லேசர் மேல் கீழ் அடுக்குகளையும் சுட்டுவிட்டே போகிறது. அதனால்தான் அடுக்கடுக்காகப் படமெடுத்தால் கடைசி அடுக்குகள் மங்கிவிடுகின்றன.

ஆக, திரையில் படம் இருண்டுபோகிறது, வெளுப்பதில்லை. 'ஒளிவெளுப்பு' என்று படிக்கிற மாணவர் படம் வெள்ளையாகிவிடும் என்றே நினைப்பார். அப்படி வெள்ளையாவது ஒளியைப் பதிவுசெய்யும் உணரி நிரம்பிவிடுவதால். உணரியின் மின்பெருக்கத்தை (gain) குறைத்தால் அது சரியாகிவிடும். போன சாயத்தை எந்தக் குமிழைத் திருகியும் மீட்க முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல் போலத் தோன்றினால் மாணவர் தவறான குமிழைத்தான் திருகுவார். 'சாயம் வெளுத்துப்போச்சு என்கிறோமே' என்று வாதாடுவார்கள். அங்கே சாயம் முன்னால் நிற்கிறது ஐயா! அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது சலவைத்துறை. 'ஒளிமங்கல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மங்குவது லேசரா, சாயமா?

கண்டாங்கிச் சேலையை வளவில் வெயில் படக் காயப்போட்டால் ஆச்சிமார் சொல்வது, "நிழல்ல போடுத்தா, சாயம் போயிரும்." அங்கும் ஒளிதான் சாய மூலக்கூறை உடைக்கிறது. எனவே என் ஓட்டு 'ஒளிச்சாயமிழப்பு'க்கு. நீளம் என்று முகம் சுளிப்பவர்கள் 'சாயம் போதல்' என்றே எழுதட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறவர்கள்தான் கன்ஃபோகலையும் 'குவிய நுண்ணோக்கி' ஆக்குகிறார்கள். குவியம் இல்லாத நுண்ணோக்கி எங்கே இருக்கிறது? ஒளி விழும் புள்ளியும் ஊசித்துளை பார்க்கும் புள்ளியும் ஒன்றாவதுதான் அதன் சிறப்பு. அமெரிக்க அறிவியலாளர் மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் அதற்குத்தான். லேசர் வந்ததே அதற்குப் பிறகு, 1960-இல். 'இணைக்குவிய' என்றால் கன்ஃபோகலில் 'சேர்ந்து' என்று பொருள்படும் அந்த 'கன்' எங்கே போயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள்.